கண்ணாடித் தட்டில் கரைந்தது

மலேசியாவின் கிள்ளான் நகர மருத்துவமனை ஒன்றில், அப்பாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணிலிருந்து சீழ் எடுக்க ஓர் ஆய்வாளர் வருவார். ஒல்லியான பெண். கழுவிக் கழுவி அவர் விரல்கள் வெடித்திருந்தன. "போர்வையை விலக்கலாமா அங்கிள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

புண்ணுக்கு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"கிருமியெல்லாம் ஒண்ணா சேர்ந்து வழவழன்னு ஒரு படலம் போட்டுக்குது அண்ணே. மருந்து உள்ள போகல. வேற ஒரு பாக்டீரியாவோட புரதம் அந்தப் படலத்தைக் கரைக்குது. லேப்ல பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"அப்பாவுக்குப் போடலாமா?"

"இன்னும் மனுஷங்களுக்குக் குடுக்க முடியாது லா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுவாரம் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து அந்த ஆய்வாளர் வந்து கட்டிலருகே நின்றார். "உங்க புண்ணுல எடுத்த கிருமி மேல அந்தப் புரதத்தைப் போட்டுப் பார்த்தோம் அங்கிள். லேப் கண்ணாடித் தட்டுல படலம் கரைஞ்சிருச்சு."

"இதை ஏம்மா இப்ப என்கிட்ட சொல்றே?"

"உங்ககிட்ட எடுத்தது அங்கிள். உங்களுக்குத் தெரியணும்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் வெளியே போனார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஏன் வந்து சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர்மேல் கோபம் மட்டும் வரவில்லை.