மதகைக் காட்ட மறுத்த பிரவுசர்

மலேசியாவில், கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், கடலோரச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுபவளாக, இருக்கிறேன். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது தோட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் மதகு. அதை ஏற்றி இறக்க ஓர் அண்ணன் இருக்கிறார். ஆபீஸிலிருந்து பார்க்க ஒரு பழைய கேமராவும் இருந்தது. அதன் படம் கணினியில் தெரிய, பிரவுசரில் ஒரு பிளக்-இன் ஓட வேண்டும்.

ஒருநாள் காலை பிரவுசர் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. மதகு தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். பாதுகாப்பற்ற பிளக்-இன், தடுக்கப்பட்டது என்று ஒரு வரி. பரவாயில்லை, காட்டு என்று சொல்ல ஒரு பொத்தானாவது இருக்குமென்று செட்டிங்ஸ் முழுக்கத் துழாவினேன். இல்லை. எரிச்சலோடு, கேமரா விற்றவரை அழைத்தேன்.

"பழைய மாடல் லா, தங்கச்சி. ஒண்ணும் செய்ய முடியாது."

"நேத்துவரைக்கும் நல்லா ஓடுச்சுங்க."

"கேமரா இப்பவும் ஓடும். பிரவுசர்தான் விடாது."

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அன்று கடலில் பெரிய பெருக்கு வேறு. மூன்று மணிக்குள் மதகு இறங்கியாக வேண்டும். அண்ணனுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கவே இல்லை. நான்கு முறை முயன்றேன். மதகடி வாய்க்கால் கரை மழையில் வழுக்கும். அவருக்கு நீச்சலும் தெரியாது. அதற்குமேல் சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். செம்மண் பாதையில் இரண்டு இடத்தில் சறுக்கி, ஒரு இடத்தில் விழுந்தே விட்டேன்.

மதகுக் கொட்டகையில் அண்ணன் பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மதகு இறங்கியிருந்தது.

"என்னாம்மா, இந்த மழையில?"

"போன் எங்கண்ணே?"

அவர் வாய்க்காலைக் காட்டினார். "காலையிலயே உள்ள விழுந்துருச்சு. நீங்கதான் கேமராவுல பாப்பீங்களேன்னு இருந்துட்டேன். மதகு போட்டதும் கையக்கூட ஆட்டுனேனே."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தேன். அவர் பிளாஸ்க் மூடியில் மிச்சக் கோப்பியை ஊற்றிக் கொடுத்தார். சூடு போயிருந்தது. ஆனாலும் அப்படியொரு கோப்பியை நான் குடித்ததில்லை.

அடுத்த வாரமே மானேஜரிடம் பேசி, கைப்பேசியில் பார்க்கக்கூடிய கேமராவாக மாற்றினோம். இப்போது படம் தெளிவாகவே தெரிகிறது. இருந்தாலும் பெருக்கு நாட்களில் அண்ணன் புதுப் போனில் என்னைக் கூப்பிட்டு, "போட்டாச்சும்மா" என்று சொன்ன பிறகுதான் சாப்பிடப் போகிறார்.