தப்பா நடந்துக்கிட்டார் என்றால்

அந்த நகரத்தில் இருந்த தமிழ்க்காரர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பந்து விளையாடவும் நீச்சலுக்கும் போய்விட, இரண்டே வருஷத்தில் வகுப்பு நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவருக்கு வேலை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம், கோர்ட் என்று எங்கே ஒரு தமிழ் ஆள் பேச்சு புரியாமல் திருதிருவென்று விழித்தாலும் ஏஜென்சியிலிருந்து டீச்சருக்கு ஃபோன் வரும்.

கணவர் ஒரு வேலையாக ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சண்டை எதுவும் இல்லை. திரும்பி வருவதைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். குழந்தை இல்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. நாள் முழுக்க மற்றவர்களுடைய பேச்சைப் பேசிவிட்டு வந்து, கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை டீச்சர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக்கூடாது. அதனால் டீச்சர் ஒரே நாளில் காலையில் நாலு மாதக் கர்ப்பிணியாகவும் மத்தியானம் மூத்திரம் போகாத எழுபது வயதுக் கிழவராகவும் இருந்திருக்கிறார். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது. வேலையில் கேட்டது எதையும் வெளியே மூச்சு விடக்கூடாது. காத்திருக்கும் நேரத்தில்கூட யாருக்காகப் பேசுகிறாரோ அவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. பதினேழு வருஷம் டீச்சர் இந்த விதிகளை மீறியதில்லை.

அன்று திங்கட்கிழமை. பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப்பிரிவுக்கு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். நலப்பிரிவு அதிகாரி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். எதிரே இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் ஒரு மாணவி. குளிர்கால மேலங்கியைக் கழற்றாமல், ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சூப்பர்மார்க்கெட் பை ஒன்று.

அவளுக்கு அந்த நாட்டு மொழி நன்றாகவே தெரியும். அந்த மொழியில்தான் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள்.

“பரீட்சை எழுதறதுக்கு அந்த பாஷை போதும்,” என்றாள் டீச்சரைப் பார்த்து. “இதைச் சொல்றதுக்குப் போதாது. நடுவுல வார்த்தை வராமப் போயிட்டா, மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.”

டீச்சர் அதையும் ‘எனக்கு’ என்றே மொழிபெயர்த்தார்.

அதிகாரி முதலில் எதையும் விசாரிக்கவில்லை. “நீங்க வந்தது சரியான காரியம்,” என்றார். “போலீசுக்குப் போறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இன்னைக்கே முடிவு பண்ண வேண்டியதில்ல. ஆனா ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போறது நல்லது. உங்களுக்கு மருந்து வேணும். தடயங்களை எடுத்து வச்சுப்பாங்க. நீங்க பின்னாடி மனசு மாறினாலும் அது இருக்கும்.”

“என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா? விசா?”

“இல்ல. உங்க விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“வீட்டுக்குச் சொல்லுவீங்களா?”

“நீங்க சொல்லச் சொல்லாம யாருக்கும் சொல்ல மாட்டோம்.”

அப்போதுதான் அவள் மடியிலிருந்த பையை மேஜைமேல் வைத்தாள். “அன்னைக்குப் போட்டிருந்த துணி. குப்பைல போடவும் மனசு வரல, துவைக்கவும் மனசு வரல. மூணு நாளா கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு.” அதிகாரி கையுறை மாட்டி, துணியைக் காகிதப் பைக்கு மாற்றினார். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும் என்று விளக்கினார். துவைக்காமல் கொண்டு வந்ததற்கு நன்றி என்றும் சொன்னார். நன்றி என்ற வார்த்தையை டீச்சர் தமிழில் சொன்னபோது அந்தப் பெண் முதல் தடவையாக அழுதாள். டிஷ்யூ பெட்டி டீச்சருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதிகாரிதான் எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. டீச்சர் திரைக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். நர்ஸ் ஒவ்வொன்றையும் தொடுமுன் கேட்டாள். ‘இப்போ தோளைப் பார்க்கலாமா? வேணாம்னா நிறுத்திடறேன்.’ டீச்சர் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து ‘ம்’ என்று வரும். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மத்தியானம் அவளே போலீசைக் கூப்பிடச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஓர் அறை. இரண்டு கேமராக்கள், ஒரு சோபா, ஜன்னல் இல்லை. விசாரிக்க வந்ததும் பெண் போலீஸ்தான்.

அவள் சொன்னாள். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனது அண்ணாதான். சிம் கார்டு வாங்கித் தந்தது, அறை பிடித்துத் தந்தது, பாங்கில் கணக்குத் தொடங்க உடன் வந்தது, எல்லாம் அண்ணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று அண்ணாவுக்கு மெசேஜ் போட்டாள். அண்ணா வந்தார். உள்ளே வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

“நான் வேணாம்ணா, வேணாம்ணான்னு சொல்லிட்டே இருந்தேன்.”

டீச்சர் மொழிபெயர்த்தார். போலீஸ் பெண் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். “இவர் உங்க கூடப் பிறந்த அண்ணனா?”

அந்தப் பெண் திகைத்துப்போனாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “இல்ல. ஒரு மரியாதைக்குக் கூப்பிடறது. எங்களுக்கு சீனியர். புதுசா வர்ற எல்லாருக்கும் அவர் அண்ணாதான்.” போலீஸ் பெண்ணின் பேனாவைப் பார்த்தபடி, “அந்த வார்த்தையை எடுத்துடச் சொல்லுங்க,” என்றாள்.

“சரி. அவர் என்ன செய்தார்?”

“தப்பா நடந்துக்கிட்டார்.”

டீச்சர் அதை அப்படியே அந்த மொழியில் சொன்னார். ‘முறைகேடாக நடந்துகொண்டார்.’ சொல்லி முடித்ததுமே அது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. போலீஸ் பெண் தலையசைத்தார், எழுதினார். கோப்பிலிருந்த ஒரு படிவத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேறொரு மெல்லிய படிவத்தை எடுத்தார். எந்தப் படிவம் எதற்கு என்பது பதினேழு வருஷத்தில் டீச்சருக்கு அத்துப்படி. பஸ்ஸில் இடித்தவனுக்கும் அசிங்கமாகப் பேசியவனுக்கும் உள்ள படிவம் அது.

தமிழில் ‘தப்பா நடந்துக்கிட்டார்’ என்றால் கண்ணடித்ததாகவும் இருக்கலாம், உயிர் போகிற கொடுமையாகவும் இருக்கலாம். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மேலே கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அந்த நாகரிகம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொல்லி முடித்துவிட்டதாக நினைத்தாள். இன்னொருவருக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

டீச்சர் கையைத் தூக்கினார்.

“மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்,” என்றார். அவசியம் ஏற்பட்டால் மொழியைப் பற்றி மட்டும் இப்படிக் குறுக்கே பேசலாம். “இவர் சொன்ன சொல் எங்கள் மொழியில் சின்ன விஷயத்துக்கும் வரும், மிகப் பெரிய விஷயத்துக்கும் வரும். இவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.”

பிறகு விதிப்படி, தான் சொன்னதை அந்தப் பெண்ணிடம் தமிழிலும் சொன்னார். போலீஸ் பெண் எடுத்து வைத்த படிவத்தைக் கவிழ்த்தார். “என்ன நடந்ததோ, அதை அப்படியே சொல்லுங்க. நேரம் எடுத்துக்குங்க.”

நாலு நிமிஷம் யாரும் பேசவில்லை. ஒளிப்பதிவில் அது அப்படியே இருக்கிறது.

“இதுக்கெல்லாம் நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது,” என்றாள் கடைசியில். “உடம்புல அந்த இடத்துக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சது கெட்ட வார்த்தைதான். பசங்க திட்டிக்கிறது. சொல்லலாமா?”

“எந்த வார்த்தையா இருந்தாலும் சொல்லலாம்.”

அவள் சொன்னாள். வீட்டில் ஒரு நாளும் உச்சரித்திருக்க முடியாத சொற்களை, ஒப்பிக்கிற குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். டீச்சர் ஒவ்வொன்றையும் ‘என்னை’, ‘என்’ என்று தன் வாயால் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் ‘அவர்’ என்பது ‘அவன்’ ஆயிற்று. “அப்புறம் அவன் எந்திரிச்சு கை கழுவினான்.” அந்த நாட்டு மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த மாற்றத்தை ஒளிப்பதிவு பிடிக்கவில்லை, போலீஸ் பெண்ணும் பிடிக்கவில்லை. டீச்சர் மட்டும் கேட்டார். அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்த டீச்சர் ஷூவைக் கழற்றாமல் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பிறகு ஏஜென்சி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பும். போனார். நல்ல மனிதர். டீச்சர் பாதி வாக்கியத்தில் நின்று நின்று போவதைப் பார்த்துவிட்டு, “உங்க தாய்மொழியில பேசினா சுலபமா இருக்குமா? தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு பண்ணட்டுமா?” என்று அக்கறையாகக் கேட்டார். இந்த ஊருக்கு அது நான்தான் என்று டீச்சர் சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த தடவைக்கு டீச்சர் போகவில்லை.

அவனைக் கைது செய்த செய்தி பத்து நாளில் தமிழ் வீடுகள் முழுக்கப் பரவியது. டீச்சருக்கு அந்த ஊரில் தோழி என்றால் மளிகைக் கடைக்காரம்மா ஒருத்தர்தான். சனிக்கிழமைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக் கதையடிப்பார்கள்.

“தங்கமான பையன். எங்க கடைக்கு அரிசி மூட்டை இறக்கித் தருவான்,” என்றார் கடைக்காரம்மா. “அந்தப் பொண்ணே ராத்திரி பகல் பாக்காம மெசேஜ் அனுப்புவாளாம். நீ அன்னைக்கு காலேஜ் பஸ்ல போனதா சொன்னாங்க. என்னதான் நடந்துச்சு?”

“வேலை விஷயம் நான் பேச மாட்டேன்.”

“நான் யார்கிட்ட போய் சொல்லப்போறேன்?”

“யார்கிட்டயும் வேணாம். எங்கிட்ட கேக்காத.”

“பதினோரு வருஷப் பழக்கம். என்னை நம்பலேன்னா நேரடியாச் சொல்லிட்டுப் போ.”

 அந்தப் பெண் மெசேஜில் கேட்டது ஹீட்டரைப் பற்றி என்று சொல்ல டீச்சருக்கு நாக்கின் நுனிவரை வந்தது. ‘நான் வர்றேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு கடைக்காரம்மா அவரைக் கூப்பிடவில்லை. மற்ற வீடுகளும் மெல்ல மெல்ல அழைப்பை நிறுத்தின. போலீசுக்கு வேலை பார்க்கிறவள், எதற்கு வம்பு என்று நினைத்திருக்கலாம்.

குளிர் குறையத் தொடங்கியபோது ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்தது. அதே நலப்பிரிவு. அவன் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்திருந்த இன்னொரு மாணவி, அவளும் அவன்மேல் புகார் சொல்ல வந்திருக்கிறாள். முதல் வழக்கில் டீச்சர் சாட்சியாகக் கூப்பிடப்படலாம் என்பதால் இதற்குப் போகக்கூடாது என்றார்கள். எங்கோ தூரத்து நகரத்திலிருந்து ஓர் ஆளை ஃபோனில் இணைத்துச் சமாளித்தார்கள். அந்தப் பெண் யார், என்ன சொன்னாள் என்பது டீச்சருக்கு இன்றுவரை தெரியாது.

முதல் புகார் கொடுத்த ஒன்பதாவது மாதம் கோர்ட்டுக்கு அழைப்பு வந்தது. அவனுடைய வக்கீலின் வாதம் இதுதான்: பெண் சொன்னது ‘முறைகேடாக நடந்துகொண்டார்’ என்று மட்டுமே. அதை ஊதிப் பெருக்கியது மொழிபெயர்ப்பாளர்.

“நீங்கள் இவரைத் தூண்டினீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை. சொல்லின் எல்லையைச் சொன்னேன். உள்ளே இருப்பதை அவர் சொன்னார்.”

“அனுதாபத்தில் சொன்னீர்கள்.”

“அனுதாபம் இருந்தது. அது நான் பேசியதில் இருக்கிறதா என்று ஒளிப்பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள்.”

போட்டுப் பார்த்தார்கள். கையைத் தூக்கும் டீச்சர், அவர் இரு மொழியிலும் சொன்ன அதே நாலு வாக்கியம், பிறகு அந்த நாலு நிமிஷம். நீதிபதி முழு நாலு நிமிஷத்தையும் ஓடவிட்டார். வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் நூல் புடவைமேல் தடித்த மேலங்கி போட்ட ஓர் அம்மாள் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நீங்க தமிழாம்மா? பாத்ரூம் எந்தப் பக்கம்?”

டீச்சருக்கு யார் என்று புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அதே நெற்றி, அதே கண். சாட்சி சொன்னவர் புகார் கொடுத்தவரின் குடும்பத்தோடு வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. “வாங்க, காட்றேன்,” என்று மட்டும் சொன்னார்.

நடந்துகொண்டே அந்த அம்மாள் பேசினார். “எம்பொண்ணு கேசுக்கு வந்திருக்கேன். ஆறு மாசம் எங்கிட்ட மூச்சு விடல அவ. தினம் ஃபோன்ல சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேன்மான்னு சொல்லும். முதல்லயே சொல்லியிருந்தா நான் கட்டிப் பிடிச்சிருப்பேனா, கத்தியிருப்பேனான்னு எனக்கே தெரியல. அவளுக்கும் தெரியல போல. அதான் சொல்லல.”

டீச்சர் கதவைத் தள்ளிப் பிடித்தார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டு வரும்வரை வெளியே காத்திருந்தார். குழாயைத் திறக்கத் தெரியாமல் கைகளில் சோப்போடு அவர் வந்து நின்றபோது, உள்ளே போய் சென்சார் முன்னால் கையை எப்படிக் காட்ட வேண்டும் என்று காட்டினார். ஈரக் கைகளாலேயே அந்த அம்மாள் டீச்சருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இங்க என்ன வேலைம்மா பாக்கறீங்க?”

“ஆஸ்பத்திரியில, அங்க இங்க,” என்றார் டீச்சர். “மொழிபெயர்ப்பு.”

அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. பிடியை மட்டும் இறுக்கினார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள். டீச்சரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். அம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்துச் சாட்சிகளுக்கான அலுவலகத்திலிருந்து கடிதமாக வந்தது. இரண்டு பெண்களின் வழக்கிலும் குற்றம் நிரூபணம். ஆறு வருஷம் சிறை. கீழே வேறொரு பேனாவில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: மாணவி படிப்பைத் தொடர்கிறார், உங்களிடம் தெரிவிக்கச் சொன்னார்.

அடுத்த வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தபால் பெட்டியிலிருந்து எடுத்த கடிதத்தை டீச்சர் பஸ்ஸில்தான் பிரித்தார். இரண்டு தடவை படித்தார். பக்கத்து இருக்கையில் பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த பெண், “நல்ல செய்தியா?” என்று அந்த நாட்டு மொழியில் கேட்டாள்.

“ஆமாம்.”

“உங்க வீட்லயா?”

“இல்ல. வேலையில.”

அவள் சிரித்துவிட்டு மறுபடி கண்ணி எண்ணத் தொடங்கினாள். டீச்சர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு இன்னும் ஆறு நிறுத்தங்கள் இருந்தன.