மரகதம் மேடையில் திரும்பப் பெற்ற முடிவு

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது மரகதத்தின் கணவர் அழைத்தார். "மரகதம் போயிட்டாளுங்க" என்றார். எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் பதினெட்டு ஆண்டுகள் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் மரகதம். சேவூர்க்காரர். அவரை அறிந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அவர் தோற்றுவிட்டதாக நான் நினைத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்னும் நுண்துகள்களை எண்ணும் கருவி ஒன்றை நாங்கள் இருவரும் கட்டினோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பலகைகள். ஒரு துகள் ஊடுருவி, இரண்டும் ஒரே கணத்தில் மினுங்கினால் ஓர் எண்ணிக்கை. வெளிச்சம் புகாமல் மூட மரகதம் கறுப்புப் பனியன் துணி கொண்டுவந்தார். கசிந்தது. "பனியன் காத்து வாங்கத்தானுங்க, இருட்டுக்கு ஆகாது" என்று சிரித்துவிட்டு ரெக்சின் தேடிப் போனார்.

கருவி ஓடத் தொடங்கியதும் பகலில் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது. புதிதாக எதையோ கண்டுவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதினேன்; கோவையில் ஒரு கருத்தரங்கில் ஏற்றுக்கொண்டார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் மரகதம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க, ஞாயித்துக்கெழம மியூவானுக்கும் லீவுங்களா?" என்றார். ஞாயிறுதோறும் எண்ணிக்கை இறங்கியிருந்தது.

அன்றே சுவருக்கு அந்தப் பக்கம், ஞாயிறு மட்டும் மூடிக்கிடக்கும் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டுக்குப் போய், பத்து நிமிடம் மெஷின்களை நிறுத்த முடியுமா என்று கேட்டார். "ஷிப்மென்ட் நிக்குதுங்க" என்று இழுத்த முதலாளி, "செரி, டீ டைம்ல நிறுத்தறனுங்க" என்றார். நிறுத்தினார். எண்ணிக்கை சரிந்தது. இரண்டு பலகைகளின் கம்பிகளிலும் ஒருசேரப் புகுந்த மோட்டார்களின் மின் இரைச்சலைத்தான் துகள் என்று எண்ணியிருந்தோம்.

"போகவே வேண்டாம்" என்றேன்.

"போலாமுங்க. தப்பையும் நாமதானுங்களே கண்டுபுடிச்சோம்?"

கோவையில் மேடையேறி, அச்சான கட்டுரைச் சுருக்கத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, "இது தவறு. ஏன் தவறு என்பதை அளந்து கொண்டுவந்திருக்கிறோம்" என்று தொடங்கினார். நான் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் முடித்ததும் முன்வரிசையிலிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "அந்த வரைபடத்தைத் திரும்பப் போடுங்கம்மா. எங்க கருவியிலயும் இதைப் பாக்கணும்" என்று குறிப்பெடுத்தார். நான் நிமிர்ந்தேன்.

கம்பிகளுக்கு உறை போட்டு, தனி எர்த் இறக்கி மீண்டும் அளந்தோம். உலகம் ஏற்கெனவே அறிந்த எண்ணிக்கையே வந்தது. எனக்கு ஏமாற்றம். மரகதமோ அதைப் பெரிய தாளில் எழுதிக் கதவில் ஒட்டி, கீழே, 'நம்மூரிலும் சரியாக அளக்க முடியும்' என்று சேர்த்தார்.

போன வாரம் வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் பிழையாக எழுதினேன். ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். முன்பென்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "நான் தப்பாப் போட்டுட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து எழுதினேன். மரகதம் எனக்கு விட்டுச் சென்றது அதுதான்.