ஓசை கெடுத்த வாக்கியம்

என் மனைவி தன் வலியை வாய்விட்டுச் சொல்லாதபடி செய்தவன் நான்தான்.

மிரட்டவில்லை, அதட்டவில்லை. அன்பாக, மெதுவாக, மூச்சோடு மூச்சாக அவள் காதில் பேசியே அதைச் செய்தேன். அந்தக் குரலை இன்றுவரை தன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறாள் அவள்.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். சுகந்தி நான் எழுதுவதைப் படிப்பதில்லை. "உங்க எழுத்து எனக்குப் பிடிபடலங்க, அடுப்புல பால் இருக்கு" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த மகள் அனுவுக்குத் தமிழ் படிக்க வராது. ஆக, என் வீட்டில் யாராலும் திறக்க முடியாத ஓர் அறைக்குள் நின்றுகொண்டுதான் உங்களோடு பேசுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான்... தெரிந்தேதான் செய்கிறேன்.

சுகந்திக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாது என்றார்கள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அவளுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. மயக்க மருந்துதான் பயம். கண்ணை மூடினால் திறக்க மாட்டோம் என்று ஓர் எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை, இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் மனதை அறுவை சிகிச்சைக்குப் பழக்குவதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். மனோவசியம் என்றதும் நான் மேடை வித்தைக்காரனை நினைத்துக்கொண்டேன். அவர் செய்தது வேறு. மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கால் விரலில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளரச் செய்தார். அந்த அரைத் துயிலில், கண் விழிக்கும்போது உடம்பு இலேசாக இருக்கும், காயம் நன்றாக ஆறும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிய வைத்தார். தினமும் கேட்க வேண்டும், அறுவைக்கு முன்பும் பின்பும்.

எல்லாம் இந்தியில். சுகந்திக்கு அது ஏறவில்லை.

"இந்தியில ஒருத்தங்க கண்ணை மூடுன்னு சொன்னா எனக்கு பஸ் கண்டக்டர் ஞாபகம்லா வருது," என்றாள் வெளியே வந்ததும். "ஆகே சலோ, ஆகே சலோன்னு வெரட்டுத மாதிரி இருக்கு. எங்கிட்டுப் போய்த் தூங்க?"

அந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். தாய்மொழியில், நம்பிக்கையான ஒரு குரலில் கேட்பது இன்னும் நல்லதுதான் என்றார். தான் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நீங்கள் எழுத்தாளராமே, நீங்களே பேசிப் பதிவு செய்துவிடுங்கள். உவமைகளை மாற்றிக்கொள்ளலாம், அழகுபடுத்தலாம். கடைசி வாக்கியத்தை மட்டும் தொடாதீர்கள் என்றார்.

கடைசி வாக்கியம் இதுதான்: "புதிதாக ஒரு வலி வந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, அதை உடனே கவனிப்பேன், உடனே நர்ஸிடம் சொல்வேன்."

அதைத்தான் நான் வெட்டினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஓசை கெட்டது. அவ்வளவுதான்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அமைதி கிடைப்பது அபூர்வம். பக்கத்து வீட்டுக் குக்கர், கீழே காய்கறி வண்டிக்காரனின் கூவல், தலைக்கு மேல் விமானம். குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களை எடுத்துச் சுற்றிலும் அடுக்கி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய உட்கார்ந்து பேசினேன். இருபது வருடமாக உரைநடைக்கும் கவிதைக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பவன் நான். முந்நூறு பிரதி விற்றாலே பெரிய விஷயம். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தி என் சொற்களைத் தினமும் கேட்கப் போகிறாள், அவற்றை நம்பி உடம்பைக் கொடுக்கப் போகிறாள். அந்த போதை உங்களுக்குப் புரியுமா...

இப்படிப் பேசினேன்: "உன் வயிறு ஒரு விடியற்காலைக் குளம். மேலே பனி. அடியில் அசைவில்லை. எது வந்தாலும் வரட்டும், அது கரையோடு நடந்து போய்விடும். உன்னைத் தொடாது. நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை."

நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதற்குப் பிறகு அந்த வாக்கியம் வந்து நின்றது, நர்ஸோடு. குளத்தில் யாரோ செருப்புக் காலோடு இறங்கியது போல. 'நர்ஸ்' என்பதைத் 'தாதி' ஆக்கிப் பார்த்தேன். 'அருகில் இருப்பவர்' என்று மாற்றிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரியே ஒலித்தது. கடைசியில் விட்டுவிட்டேன். "நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை" என்பதோடு முடித்தேன். முடிவு கச்சிதமாக விழுந்தது.

அனுதான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்து தந்தாள். ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, லாஸ்ட் லைன் இல்லையே?"

"கவிதைல வரிக்கு வரி தேடக் கூடாதும்மா. அர்த்தம் உள்ளயே வந்துருச்சு."

"அச்சா," என்றாள். நான் கவிஞன், அவளுக்குத் தமிழ் அரைகுறை. வேறென்ன சொல்வாள்?

அர்த்தம் உள்ளே எங்கும் வரவில்லை. நேர் எதிரான அர்த்தம்தான் இருந்தது. எது வந்தாலும் திரும்பிப் பார்க்காதே என்று ஒரு நோயாளிக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்... தினமும், அவளுடைய மிக மென்மையான நேரத்தில்.

அறுவை நன்றாக முடிந்தது. பயந்தவள் பயமில்லாமல் உள்ளே போனாள், சிரித்துக்கொண்டே கண் விழித்தாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் "ஒண்ணு" என்றாள். காதில் என் குரல். அந்த அம்மாள் தன் மாணவிகளை அழைத்துவந்து காட்டினார். நான் கட்டிலருகே, புத்தக வெளியீட்டு விழாவில் நிற்பவன் போல நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த நாட்களில் லேசான காய்ச்சல் வந்தது. முகம் வெளுத்திருந்தது. கை அடிக்கடி வயிற்றுக்குப் போய்வந்தது. வார்டில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்தார். ஒரு சாயங்காலம் வந்து குனிந்து கேட்டார்.

"சேச்சி, வயிறு வலி உண்டோ?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்."

அவர் போன பிறகு நானும் கேட்டேன். "என்ன செய்யுது சுகந்தி?"

"ஒண்ணும் செய்யல. நீங்க சொன்னீங்கல்லா, குளம்னு... அப்படித்தான் கெடக்கு."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது, கால் விரல்கள் மட்டும் சில்லென்று. தைத்த இடத்தில் கசிவு. வயிறு முழுக்கச் சீழ். ஓடிப்போய் மறுபடியும் திறந்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவைத்து, மலத்துக்கு ஒரு பை மாட்டினார்கள். எல்லாம் ஆறும்வரை, சில மாதங்களுக்கு.

கண் விழித்து இரண்டு வார்த்தை பேசத் தொடங்கியபோது சர்ஜன் வந்து நின்றார். கோபக்காரர் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"வலி இருந்ததா இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இருந்தது என்றாள் சுகந்தி. எங்கேயோ தூரத்தில் வேறு யாருக்கோ வலிப்பது போல இருந்தது, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை என்றாள்.

"தோன்ற வேண்டும். ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் ஒருவேளை இந்தப் பையே வந்திருக்காது."

"ஸாரி டாக்டர்," என்றாள்.

கேட்டீர்களா? அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்தில் ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டிருந்தேன்.

தையல் கசிவது யாருக்கும் நடக்கும். பதிவே இல்லாவிட்டாலும் நடந்திருக்கலாம். சர்ஜன் சொன்ன அந்த 'ஒருவேளை'யை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். உறுதியாகத் தெரியாது என்பது எனக்குக் கிடைத்த சலுகை. மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அடுத்ததுக்கு எந்தச் சலுகையும் இல்லை. மனதைப் பழக்கும் அந்த அம்மாள் என்னைத் தாழ்வாரத்தில் தனியே நிறுத்திக் கேட்டார்.

"அந்தக் கடைசி வரி பதிவில் இருந்தது, இல்லையா?"

"இருந்தது மேடம்."

அவர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் உங்கள் மனைவியின் சுபாவம்தான், சிலர் சாகும்வரை சொல்ல மாட்டார்கள் என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடு பழி என் மனைவியின் பேருக்கு மாறிவிட்டது.

அதன்பின் அது தானாக வளர்ந்தது. மலை மந்திர் கோயிலில் பார்த்தவர்கள், ஆபீஸ்காரர்கள், திருநெல்வேலியிலிருந்து போன் போட்டவர்கள், எல்லோரும் அவளுடைய பொறுமையை மெச்சினார்கள், அப்படியே அதட்டினார்கள். "ஏட்டி, இப்படியா வாயை மூடிக்கிட்டு இருப்ப?" என்றாள் பார்க்க வந்த அவளுடைய அக்கா. பை நழுவாமல் சேலையை ஏற்றிக் கட்டியிருந்த சுகந்தி, "தப்பு எம்மேலதான்க்கா" என்றாள். "இவ்வோ பாவம், வாயால பேசிப் பேசி என்னைத் தேத்தி அனுப்புனாவ. இவ்வோ குரல் இல்லேன்னா நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன். நாந்தான் கெடுத்துட்டேன்."

நான் அக்காவுக்குச் சர்க்கரை குறைவாகத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

குற்ற உணர்ச்சி குத்தும், அறுக்கும், எரிக்கும் என்று நானே எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்! எனக்கு அப்படி எதுவும் இல்லை. இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. பல் பிடுங்கி மரத்துப்போன பக்கத்தைக் கன்னத்தின் மேலிருந்து தொட்டுப் பார்ப்பது போல.

மாதங்கள் போயின. பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்க்கும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். சுகந்தி சொன்னாள், "அதே பேச்சைப் போட்டுக் கேக்கப் போறேன். அது இல்லாம என்னால முடியாது."

நான் பயந்துபோனேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுபடியும் பதிவு செய்தேன். குளம், பனி எல்லாம் அப்படியே, கடைசியில் அந்த வாக்கியம், நர்ஸோடு. சத்தமில்லாமல் போனில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். அனு ஜன்னலோரம் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கடைசில என்னமோ புதுசா வருதே? வலிச்சா நர்ஸ்கிட்ட சொல்வேன்னு?"

"மேடம் சேக்கச் சொன்னாங்க."

சிரித்தாள். "என் லட்சணம் அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்குன்னே தனியா ஒரு வரி எழுத வேண்டியதாப் போச்சு பாத்தீங்களா. இருக்கட்டும், எனக்கு வேணும்."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அனு என்னையே பார்த்தாள். துண்டு அவள் கையில் அப்படியே நின்றது. சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில், "அப்பா, அந்த லைன் ஃபர்ஸ்ட் டைமே இருந்துச்சுல்ல, இங்கிலீஷ்ல? நான் கேட்டேனே," என்றாள்.

"கேட்ட."

"மம்மிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"ஆபரேஷன் முடியட்டும்."

"அச்சா," என்றாள். முன்பு சொன்ன அச்சா இல்லை இது.

ஆபரேஷன் முடிந்தது. நன்றாகவே முடிந்தது. அதே வார்டு, அதே மலையாளி நர்ஸ். சுகந்தி இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். தையல் இழுத்தால் சொன்னாள், இருமினால் சொன்னாள், ஊசி ஏற்றிய கை கனத்தால் சொன்னாள். பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"எந்தா சேச்சி, இது கேஸ் வலியாணு. எல்லாருக்கும் வரும்," என்று சிரித்தார் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர், சொல்லிடணும். போன தடவை சொல்லாம விட்டு எல்லாரையும் பாடாப் படுத்திட்டேன்."

நர்ஸ் போனார். அனு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. வாயைத் திறக்கக்கூடத் திறந்தேன்... அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய அந்தக் கையில் பலமே இல்லை.

"ஏங்க, இந்தத் தடவை நான் சரியாச் சொல்லிட்டேன்லா?"

மன்னிப்புக் கேட்கும் முகம் அது. எனக்குத் தெரியும்.

"சரியாச் சொல்லிட்ட," என்றேன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அனு தண்ணீரோடு வந்து, வாசலிலேயே நின்று, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.