இரண்டாவது நேர்முகப் பரீட்சை

முதல் முறை கொழும்புக்குப் போய், நேர்முகப் பரீட்சையில் வாயடைத்து இருந்துவிட்டு வந்தவள் நான்.

வேலை செய்கிறவர்களுக்கென்று சனி ஞாயிறில் நடக்கும் எம்.பி.ஏ. படிப்பு அது. ஏசி அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். "நீங்கள் எடுத்து, பிழையாய்ப் போன ஒரு தீர்மானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. விதைநெல்லும் உரமும் விற்கும் ஒரு கம்பனியின் கல்முனைக் கிளையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். ஆனாலும் அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னால் தண்ணீர் இருந்தது. அதையும் தொடவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு ஃபைலை மூடிவிட்டார். இடம் கிடைக்கவில்லை.

என் கணவர் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். பெருமையில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஒங்கட மனிசிக்கு எப்ப கிளாஸ் தொடங்குற?" என்று பள்ளிவாசலிலும் சந்தையிலும் அவரைக் கேட்டார்களாம். நான் தெரிந்த முகங்களைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பிப் போனேன். சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. அது நீண்ட நாள் நீடித்தது.

அதனால்தான் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது.

"திரும்பவுமா?"

"ஓம்."

"கிடைக்காட்டிப் பரவால்ல. போன முற நீ சோறே தின்னல்ல. எனக்கு அதுதான் பயம்."

எனக்கும் அதுதான் பயம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அவர் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாம் முறை விண்ணப்பிக்கிறவர்களிடம் படிவத்தில், போன தடவைக்குப் பிறகு உங்களில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். மாறியது ஒன்றுதான். கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கியிருந்தேன். அது தைரியத்தில் செய்ததல்ல. அதே கதிரையில் இருந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்ற பயத்தில் செய்தது. சொறிக்கல்முனையில் விவசாயிகளின் முதல் கூட்டத்தில் எழுந்து நின்று மெல்லிய குரலில் தொடங்கினேன். "பிள்ள, கொஞ்சம் பெலத்துக் கதையுங்க, பின்னுக்குக் கேக்கல்ல" என்று யாரோ சத்தம் போட்டார்கள். பெலத்துக் கதைத்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னும் பயம் இருக்கத்தான் செய்தது.

இந்த முறை நேர்முகப் பரீட்சை ஸூமில் என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு கதவாவது ஒழுங்காகச் சாத்தாது. ராத்தா, என் அக்கா, தன் மூத்த மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல்மாடியைத் தந்தாள். பூச்சு முடிந்திருந்தது, யன்னல் இன்னும் போடவில்லை. சீமெந்துப் பைகளை ஒதுக்கி, ஒரு மேசையும் கதிரையும் ஏற்றினோம். கீழே டைல் வெட்டிக்கொண்டிருந்த மேசன்மாரை ராத்தா தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டாள்.

"நான் படியில இரிக்கன். ஒருத்தரையும் மேல விடமாட்டன். நீ பயப்படாம கதை" என்றாள்.

காலை பத்தரைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்களின் நேர்முகம் இழுத்துக்கொண்டே போனது. காத்திருக்கச் சொல்லித் திரையில் ஒரு வரி நின்றது. நானும் அதைப் பார்த்தபடியே இருந்தேன். வியர்வை முதுகில் வழிந்தது. கீழே இறங்கிப் போய்விடலாம், கரண்ட் போனது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. எழும்பியும் விட்டேன். அந்த நேரம் பார்த்துத் திரை திறந்தது.

மூன்று முகங்கள். நடுவில் அதே குட்டை நரைமுடி.

"உங்களை முன்பு பார்த்திருக்கிறேன்" என்றார். "அன்று கேட்டதையே கேட்கிறேன். பிழையாய்ப் போன ஒரு தீர்மானம்?"

வாயைத் திறந்தேன். பக்கத்துப் பள்ளியில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு தொடங்கியது.

யன்னல் போடாத சுவர் திறந்தே கிடந்தது. ஒலிபெருக்கி நேர் எதிரே. சின்ன வயதிலிருந்து பாங்கு சொன்னால் கதைக்க மாட்டோம். பழக்கத்தில் என் கை முந்தானையைத் தலைக்கு இழுத்தது, வாய் மூடிக்கொண்டது. திரையில் அவர்கள் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். பேராசிரியையின் கண் மெல்லச் சுருங்கியது. இவள் இன்றைக்கும் உறைந்துவிட்டாள் என்று நினைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாங்கள் சொல்வது கேட்கிறதா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கேட்கிறது. பக்கத்துப் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கிறார்கள். முடியும்வரை தயவுசெய்து பொறுங்கள்" என்றேன். என் குரல் கீச்சென்று ஒலித்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பேராசிரியை தலையசைத்தார். மூவரும் பேசாமல் இருந்தார்கள். அவ்வளவு பெரிய மனிதர்களைக் காக்க வைத்துவிட்டோமே என்று பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் எனக்குக் குளிர்ந்தது. ஒரு வழியாக முடிந்தது. நான் மூச்சை இழுத்துத் தொடங்கப் போனேன். கடற்கரைப் பக்கத்துப் பள்ளியில் அடுத்த பாங்கு தொடங்கியது.

"இது வேறு பள்ளி" என்றேன். பேராசிரியை முதல் தடவையாகச் சிரித்தார்.

எங்கள் ஊரில் ஒன்று முடிய ஒன்று தொடங்கும். எல்லாம் முடியட்டும் என்று இருந்தால் அவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அதன் சத்தத்துக்கு மேலே பெலத்துக் கதைத்தேன். மழைக்கு முன்பே விதைநெல்லை இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, ஒழுகுகிற களஞ்சியமா என்று போய்ப் பார்க்காமல் வாடகைக்கு எடுத்ததைச் சொன்னேன். மழை முந்திக்கொண்டு வந்தது. மூட்டைக்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. விதைப்புக்குக் காத்திருந்தவர்களிடம் வீடு வீடாகப் போய் நானே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஏசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். இலக்கணம் இரண்டு மூன்று இடத்தில் உடைந்தது. கடைசிக் கேள்வி ஒன்றுக்குத் தெரியாது என்றே சொன்னேன்.

படியிறங்கி வந்தபோது ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். "ஐஸ் மாதிரி இரிக்கி" என்றாள்.

முடிவு காத்திருப்போர் பட்டியல் என்று வந்தது. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். வேண்டுமென்றே சோறு தின்றேன், என் கணவர் பார்க்கும்படி.

வகுப்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, மீன் சந்தையில் பாரைமீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். ஃபோன் அடித்தது, கொழும்பு இலக்கம். ஒருவர் விலகிவிட்டார், இடமிருக்கிறது, வருவீர்களா, இப்போதே சொல்ல வேண்டும் என்று ஒரு பெண்குரல். சுற்றிலும் விலை கூவும் சத்தம். "வருவேன்" என்று கத்தினேன். மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஃபோனை வைத்த பிறகுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. வாரம் தவறாமல் கொழும்பு பஸ், ஆங்கிலத்தில் கதைக்கிற முப்பது பேருக்கு நடுவில் நான், வீட்டில் பிள்ளைகள். கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்த பயத்துக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

நேரே கடைக்குப் போனேன். அவர் கையில் கிரீஸ்.

"கிடைச்சிட்டு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று எழும்பினார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "பயமா இரிக்கா?"

"ஓம்."

"எனக்குந்தான்" என்றார். "சனி ஞாயிறு மூணு பிள்ளையளையும் வெச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற?"