ஆடிக் காற்றில் சோதித்த போர்டு

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் ஹோட்டல், பிறகு அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை என்று சுற்றிவிட்டுத் தேனியில் ஒரு சர்வீஸ் கடைக்கு வந்து சேர்ந்தேன். படுக்கையும் கடை மாடியில்தான்.

அனுமந்தன்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அக்கா ஒருவரின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. பழைய போர்டு ஒன்று கிடைத்தது. அது தாங்குமா, அக்காவிடம் சொன்னபடி ப்ராசசரின் வேகத்தைக் கூட்டி ஓட்டலாமா என்று பார்ப்பது என் வேலை.

ஜன்னலோர மேஜையில் போர்டைப் பெட்டியில் மாட்டாமல் வெறுமனே வைத்து, ப்ராசசருக்கு முழு வேலையும் கொடுத்து ஓட்டினேன். சூடு ஏறவில்லை. வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் ஏறவில்லை. சாயங்காலம் வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. "யானை மாதிரி தாங்குதுண்ணே" என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். ஆடி மாதம். கணவாய்க் காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் கடைக்குள் வரும். பில் தாள்கள் பறக்காமல் கல் எடுத்து வைத்ததும் நான்தான்.

மறுநாள் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டினேன். புழுதிக்குப் பயந்து அக்கா ஜன்னலை அடைத்து இடுக்கில் துணி திணித்திருந்தார். மேலே தகரக் கூரை. கல்யாணப் பெண்ணின் அப்பா பென்டிரைவோடு காத்திருந்தார். மகளும் மருமகனும் அன்று சாயங்காலம் துபாய் கிளம்புகிறார்கள்; அதற்குள் வீடியோ வேண்டும். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்க அக்கா ரெண்டர் போட்டார். பாதியில் திரை உறைந்தது. மறுபடி போட்டார். மறுபடி உறைந்தது.

"என்னப்பா இன்ஜினியரு, பொட்டி படுத்துக்கிருச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

"சும்மா இருங்க மாமா. தம்பி தேனியில நாள் பூராம் பாத்துட்டுத்தான் கொண்டாந்திருக்காக. எம் பொட்டி பழசு, அவுக என்ன செய்வாக?" என்றார் அக்கா.

பெட்டியைத் திறந்து போர்டில் விரல் வைத்தேன். சுட்டது. அப்போதுதான் புரிந்தது.

"பொட்டி மேல குத்தமில்லக்கா. ஜன்னக் காத்துல வச்சுச் சூடு பாத்துட்டேன்."

பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். அதுல வச்சுச் சூடு பாத்தாராம்ல!"

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. கூட்டிய வேகத்தையெல்லாம் குறைத்து, மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் நிறுத்தினேன். வீடியோ ஊர்ந்து முடிந்தது. பெரியவர் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

டீயை நீட்டியபடி அக்கா கேட்டார்: "வேகம் கூட்டித் தாரேன்னீகளே தம்பி, இனி இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாங்க்கா." டம்ளரைப் பார்த்தே சொன்னேன்.

மறுநாள் கடைக்கு இன்னொரு போர்டு வந்தது. பெட்டிக்குள் மாட்டி, மூடி, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏலே, வேகுதுல்ல? எதுக்கு அடைக்கிற?" என்றார் முதலாளி.

"வேகட்டும்ணே."