நைனா செய்த வளையம்

'டிங்' என்று இரும்பில் பட்டு, 'தொப்'பென்று மண்ணில் விழுந்து உருளும் பந்தின் சத்தம்தான் என் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரு பட்டன் செல்போன் வந்துகொண்டிருந்த அந்த வருடம்தான், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் பள்ளிக்கு நெட்பாலும் வந்து சேர்ந்தது. பந்தோடு ஓடக் கூடாது, தட்டிக்கொண்டும் போகக் கூடாது, கையில் வந்த இடத்திலேயே நின்று அடுத்தவளிடம் எறிய வேண்டும், கடைசியில் ஒருத்தி கம்பத்து உச்சியிலிருக்கும் வளையத்துக்குள் போட வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியை மேரி டீச்சர் சொன்னபோது, நின்றுகொண்டே ஆடுகிற ஆட்டமா என்று சிரித்தோம். போடுகிற அந்த ஒருத்தி நான். உயரமாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பள்ளியில் பந்து இருந்தது, வளையம் இல்லை. என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் 'நைனா', கம்பெனியில் ஃபிட்டர். "பந்தைக் குடு, நான் செஞ்சி தரேன்" என்று வாங்கிப்போனவர், மறுநாளே கம்பியை வளைத்து வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். பந்தை அதற்குள் விட்டுக் காட்டினார், உரசிக்கொண்டு இறங்கியது. "பாத்தியா, துளி கேப் இல்ல" என்றார். இரண்டு பொருள் பொருந்துகிற இடத்தில் காற்று புகுந்தாலும் அவருக்குப் பேஜார்தான். நெட்பால் வளையத்தை எங்களில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை; மேரி டீச்சரே படத்தில்தான் பார்த்திருந்தார்.

அதன்பின் தினமும் 'டிங்'தான். சில நாள் பந்து வளையத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். துடைப்பக்கட்டையால் குத்தி இறக்குவோம். மனசு கேட்காமல் அதை 'அரை கோல்' என்று வைத்துக்கொண்டோம். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஹெட்மிஸ்ட்ரஸ், "திருவள்ளூர் மேட்ச்ல தோத்துட்டு வந்தீங்கன்னா இந்த ஆட்டத்தையே மூட்டை கட்டிடுவேன், பழையபடி த்ரோபால் ஆடுங்க" என்று சொல்லிவிட்டார். என் ஒருத்தியால் எல்லோருக்கும் ஆட்டம் போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவள்ளூர் மைதானத்துக் கம்பத்தைப் பார்த்ததும் அசந்துபோனேன். வளையம் அண்டா வாய் அகலத்துக்கு இருந்தது. முதல் பந்தை எறிந்துவிட்டு, பழக்கத்தில் 'டிங்'குக்குக் காத்திருந்தேன், சத்தமே வரவில்லை. அடுத்ததும் சத்தமில்லாமல் இறங்கியது. ஜெயித்துவிட்டோம். தோழிகள் என்னைத் தூக்கிக்கொண்டு கத்த, லீவு போட்டு வந்திருந்த நைனா மட்டும் வளையத்தையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "இன்னாம்மா இது, இம்மாம் கேப் வுட்டுக்கினு செஞ்சிக்கிறானுங்க? இதுல யார் போட்டாலும் உழும்" என்றார்.

சரியான அளவு அதுதான் என்று திரும்பும்போது பஸ்ஸில் மேரி டீச்சர் பக்குவமாகச் சொன்னார். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கே அறுத்துப் பெருசாக்கித் தரேன்" என்றார். அவர் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. "அதுல கை வெச்சே, நான் ஆடவே மாட்டேன் நைனா" என்றேன். அந்த வளையத்திலேயே பள்ளிப் படிப்பு முடியும்வரை ஆடினேன்.

எங்கள் பள்ளி மைதானத்தில் இப்போது குடோன் நிற்கிறது. பள்ளியில் நெட்பால் ஆட ஆளில்லை, நைனாவும் இல்லை. கம்பத்தைப் பிடுங்கிய நாளில் கேட்டு வாங்கிய வளையம், வேப்பம்பட்டில் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் இருக்கிறது. நேற்று என் மகள் எறிந்தெறிந்து பார்த்துவிட்டு, "போம்மா, இதுல உழவே உழாது, யார் செஞ்சது இத?" என்று சிணுங்கினாள்.

"உங்க தாத்தா" என்றேன். பந்தை வாங்கி, நேர் மேலிருந்து இறங்கும்படி எறிந்தேன். உரசிக்கொண்டு இறங்கியது. துளி கேப் இல்லை.